தர்மதேவியின் அடுக்களை



தர்மதேவியை வணங்காத குடும்பம் நம் சமூகத்தில் இல்லை. சிங்க வாகனமும் இரு குழந்தைகளும் மாங்கொத்துமாக விளங்கும் அத்திருவுருவைப் போளூரை அடுத்த திருமலையிலும், தெற்கே கழுகுமலைப் பாறையிலும், குமரிமாவட்டத்துச் சிதறாலிலும் கண்டு கைகூப்பியிருக்கிறோம். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாத சுவாமியின் இயக்கி என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறோம். ஆனால் இயக்கியாவதற்கு முன் அவள் யாராக இருந்தாள் என்று அப்பிள்ளைகள் கேட்டால், "முற்பிறவியில் ஒரு புண்ணியவதி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவள் இரு பிள்ளைகளைப் பெற்ற இளந்தாய். கணவன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள். அவள் செய்த புண்ணியம் கோயிலில் செய்யப்பட்டதன்று; அடுக்களையில் செய்யப்பட்டது. ஐயப்பன்தாங்கல் போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் குடியேறியிருக்கும் நம் இளந்தாய்மார்களை எண்ணி இன்று அவ்வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். அவர்களுடைய மாமியார்களையும் எண்ணித்தான்.

கிரிநகரம் என்னும் ஊரில் சோமசர்மன் என்னும் அந்தணன் இருந்தான். அவன் மனைவி அக்கினிலை. மக்கள் இருவர், சுபங்கரன், பிரபங்கரன் என்பன பெயர்கள். இளையவனைப் பிரியங்கரன் என்று கூறும் நூல்களும் உண்டு. ஒருநாள் அவ்வீட்டில் முன்னோர்க்குரிய சிராத்தம். விருந்தினர் அழைக்கப்பட்டிருந்தனர், அவர்கள் நீராடச் சென்றிருந்த வேளை. சமையல் முடிந்து அக்கினிலை நிற்கிறாள். அப்பொழுது நோன்பு முடித்து ஆகாரத்தின் பொருட்டு வரதத்த முனிவர் அவ்வீதியில் வருகிறார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். திகம்பர முனிவர் வீட்டு வாயிலில் நின்று கேட்பதில்லை, கதவைத் தட்டுவதுமில்லை. மௌனமாக நடந்து வருவார். முறைப்படி எதிர்கொண்டு அழைத்தால் ஏற்பார். இல்லையேல் அடுத்த வீட்டை நோக்கி நடப்பார். பகலில் ஒரே ஒரு முறை, நின்றபடி, தம் கைத்தலத்தில் ஏற்று உண்பவர் அவர். ஆதலால் அக்கினிலைக்குக் கிடைத்தது அவர் வாயிலைக் கடக்கும் அந்தச் சில நொடிகளே. கணவனைக் கேட்டு வர நேரமில்லை. "இவர்கள் உண்டபின் வாருங்கள்" என்று சொல்லவும் இயலாது. அவள் எதிர்சென்று வணங்கி, அழைத்து, ஆகாரம் அளித்தாள்.

விருந்தினர் திரும்பி வந்து செய்தியறிந்து, மிச்சிலாகிவிட்ட உணவு தமக்கு வேண்டாம் என்று எழுந்து போயினர். சோமசர்மன் சினந்து மனைவியை வீட்டைவிட்டு விரட்டினான். ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒரு குழந்தையைக் கைப்பிடியிலுமாக அவள் ஊர்ஜயந்த கிரியை, அதாவது இன்று நாம் கிர்நார் என்று வணங்கும் மலையை நோக்கி நடந்தாள். பிள்ளைகள் பசித்து அழுதனர். பருவமல்லாக் காலத்தில் அங்கிருந்த மாமரம் அவர்களுக்குக் கனி தந்தது. அவள் கையில் மாங்கொத்து வந்த வரலாறு இதுதான்.

சுவேதாம்பர மரபில் ஜினப்பிரப சூரி 14 ஆம் நூற்றாண்டில் இயற்றிய விவித தீர்த்த கல்பத்திலும் இவ்வரலாறு உண்டு. அங்கு மாமியாரும் இடம்பெறுகிறாள். மருமகளைக் குற்றஞ்சாட்டியவளே அவள்தான். பின்னர் உள்ளே சென்று பார்த்தால் எடுத்த சோறு குறையாமல் பாத்திரங்கள் நிறைந்திருக்கின்றன. அதன் பின்னரே மகனை அனுப்பி மருமகளை அழைத்துவரச் சொல்கிறாள். பாத்திரம் நிறைந்திருக்கக் கண்ட பிறகுதான் அந்த மாமியாருக்கு மருமகளின் அருமை தெரிந்தது. பாத்திரம் காலியாகவே இருந்திருந்தால்? அப்பொழுதும் அக்கினிலை செய்தது அறமே அன்றோ?

கணவன் மனம் மாறித் தேடி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். ஆனால் தொலைவில் அவனைக் கண்ட அக்கினிலை, மீண்டும் தண்டிக்க வருகிறான் என்று அஞ்சி மலையுச்சியிலிருந்து வீழ்ந்து இறந்தாள். ஓர் ஆணின் சினத்தைக் கண்டு நடுங்கிய பெண்ணுக்கு, அவன் இரக்கத்தோடு வரும் நடையும் சினத்தோடு வரும் நடையும் ஒன்றாகவே தெரிந்தன. அவள் வீழ்ந்ததை நம் ஆசிரியர்கள் எவரும் புகழவில்லை. அது சல்லேகனை அன்று, அச்சத்தின் விளைவு. அவளை இயக்கியாக உயர்த்தியது முனிவர்க்கு அளித்த ஆகாரதானமும் அதன்மேல் அவள் வைத்த நம்பிக்கையுமே. கணவனும் மறுபிறவியில் அவளுக்குச் சிங்க வாகனமானான் என்பர். நாம் வணங்கும் திருவுருவில் அவன் அவள் காலடியில் இருக்கிறான் என்பதைக் குடும்பத் தலைவர்கள் நினைவில் வைப்பது நலம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வேலையை நாடி வந்த நம் குடும்பங்கள் போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி என்று அச்சாலை நெடுகப் பரவியிருக்கின்றன. ஊரில் ஜினாலயம் தெருமுனையில் இருந்தது. கிணறு பின்கட்டில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு வயலிலிருந்து ஆடவர் திரும்பினர். இங்கே அடுக்குமாடியின் மூன்றாம் தளம், லாரித் தண்ணீர், பரங்கிமலை - பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நெரிசல். கணவனும் மனைவியும் அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப இரவு ஏழரை, எட்டு. அதன்பின் அடுப்பேற்றினால் இரவு உணவு. ஏற்றாவிட்டால் பட்டினி. எந்த வீட்டில் அறப்பற்று மிகுதியோ அந்த வீட்டில்தான் இதனால் பூசலும் மிகுதி என்று காண்கிறேன்.

இரவுண்ணாமை நம் உயிரான ஒழுக்கம். சென்னையில் கார்த்திகையில் ஞாயிறு மறைவது மாலை 5.40 அளவில், ஆனி, ஆடியில் 6.40 அளவில். மறைவதற்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னதாகவே உண்டு முடிக்க வேண்டும் என்பது பெரியோர் வகுத்த எல்லை. ஆகக் கார்த்திகையில் ஐந்து மணிக்கு முன்னரே முடித்தாக வேண்டும். மின்விளக்கு வந்தபின் இது எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். நல்ல கேள்விதான், ஆனால் புதிய கேள்வியன்று. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்கைப் பற்றியே பேசுகிறார். இருளில் உண்பவனுக்குப் பூச்சி தெரியாது. விளக்கை ஏற்றியவனுக்கோ அவ்விளக்கே பூச்சியை அழைத்து வந்து உணவில் வீழ்த்தும் என்பது அவர் கருத்து. மழைக்காலத்து இரவில் சமையலறைக் குழல்விளக்கின் கீழே ஈசல் விழுந்து கிடப்பதைக் கண்டவர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆயினும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குப் பதினொரு படிகளை வகுத்தார். நான்கு வகை உணவையும் இரவில் முற்றத் துறத்தலை அவற்றுள் ஆறாம் படியாக வைத்தார். அந்நூலைத் தழுவியே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. ஆறாம் படி என்பதனால் முதற்படியில் நிற்பவர் இரவில் விருப்பம்போல் உண்ணலாம் என்று பொருள் கொள்ளலாகாது. தொடக்கத்திலேயே இதனை வற்புறுத்திய ஆசிரியர்களும் உண்டு. ஆனால் சாவக நெறி ஏறிச் செல்லும் நெறி என்பதை அப்படிகள் காட்டுகின்றன. இன்று நீரும் மருந்தும் மட்டும் கொள்கிறவர் நாளை அதனையும் விடலாம். அட்டமி, சதுர்த்தசியில் தொடங்கியவர் பின்னர் எல்லா நாளும் காக்கலாம். ஆறாம் படியில் நிற்காத மருமகளைப் பார்த்து ஐந்தாம் படியிலும் நிற்காத மாமியார் கடிந்துரைப்பதற்கு எந்த நூலிலும் இடமில்லை.

உள்ளபடி கேட்கிறேன். வீடு முழுவதும் பகலில் உண்ண வேண்டும் என்று விரும்பினால், மாலை நான்கரை மணிக்கு அடுப்பருகே நிற்கப்போவது யார்? வேலைக்குச் செல்லும் பெண் ஒருத்தியே காலையில் எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைக்க வேண்டும் என்றால், அது குடும்பத்தின் விரதமன்று. ஒருத்தியின் தூக்கத்தை எடுத்து மற்றவர்கள் ஈட்டும் புண்ணியம். ஓய்வு பெற்ற மாமனார் அரிசியைக் களைந்து குக்கரில் வைக்கலாம். அதனால் அவர் மதிப்புக் குறையாது. பள்ளியிலிருந்து நான்கு மணிக்கு வரும் குழந்தைக்கு ஐந்து மணிக்குள் சோறும் பருப்பும் கொடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு அது கடினமே அன்று, அவர்கள் பசி அந்நேரத்துக்கு உரியதே. அலுவலகம் செல்வோர் இரண்டாவது டப்பா ஒன்று எடுத்துச் சென்று ஐந்தரைக்குள் அங்கேயே உண்ணலாம். தயிர் வேண்டாம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, வாழைக்காய்ப் பொரியல், பயற்றுச் சுண்டல் மாலை வரை நன்றாக இருக்கும். கணவனும் தன் டப்பாவைத் தானே கட்டிக்கொள்ளட்டும்.

ஆகார தானத்தின்போது முனிவர் முன் நாம் என்ன சொல்கிறோம்? மனத்தூய்மை, மொழித்தூய்மை, மெய்த்தூய்மை என்று உரைத்த பிறகே உணவும் நீரும் தூயன என்கிறோம். மனமும் மொழியும் முதலில் வருகின்றன. அடுக்களையில் சுடுசொல் பேசிக்கொண்டே கிழங்கு நீக்கிய குழம்பு வைத்தால், நான்காவது தூய்மையைக் காத்து முதலிரண்டையும் இழந்தவர்களாவோம்.

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் உபகூஹனம், அதாவது அறநெறியில் நிற்பவரின் குறையைப் பிறரறியப் பரப்பாது மறைத்தல். ஸ்திதிகரணம், அதாவது வழுக்கியவரை மீண்டும் நிலைநிறுத்தல். வாத்சல்யம், அதாவது கன்றிடம் பசு கொள்ளும் அன்பு. இம்மூன்றும் மூத்தோர் இளையோர்க்குச் செய்ய வேண்டியவை. மருமகள் வெளியூர்ப் பயணத்தில் இரவில் இரண்டு இட்லி தின்றாள் என்பதை உறவினர் திருமணத்தில் பேசுகிறவர் ஒரே நேரத்தில் மூன்று உறுப்புகளை வெட்டுகிறார்.

மற்றோர் உறுப்பு நிர்விசிகிச்சை, அருவருப்பின்மை. இதற்கு எடுத்துக்காட்டு உத்தாயண மன்னன் வரலாறு. தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் ஒருவன் அரண்மனையில் இருந்த உணவையெல்லாம் உண்டு, மன்னன் மேலும் அரசி பிரபாவதி மேலும் வாந்தியெடுத்தான். அவர்களோ முகஞ்சுளிக்காமல், நாம் அளித்த உணவில் என்ன குறையோ என்று வருந்தித் தூய்மை செய்தனர். மன்னனுக்கு இது அரிய செயலாக இருந்திருக்கலாம். குழந்தை பெற்ற எந்தப் பெண்ணுக்கு இது புதிது? நள்ளிரவில் விரிப்பை மாற்றி, குழந்தையைத் துடைத்து, மறுபடியும் கஞ்சி காய்ச்சுகிறவள் நற்காட்சியின் ஓர் உறுப்பைப் பயின்றுகொண்டிருக்கிறாள். அன்று சாமாயிகம் தவறிவிட்டதே என்று அவள் கண்கலங்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்குக் கற்பிக்கும் இடத்திலும் இந்த அருவருப்பின்மை இன்றியமையாதது. பள்ளியில் பக்கத்துப் பிள்ளை முட்டை கொண்டுவரும். "சீ, அதைப் பார்க்காதே" என்று சொல்லிக் கொடுத்தால் குழந்தை உயிரிடத்து இரக்கத்தைக் கற்பதில்லை. மனிதரிடத்து வெறுப்பைக் கற்கிறது. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். 'கூடாது' என்னும் சொல்லோடு நின்றுவிடும் பாடம் பிள்ளை மனத்தில் தங்காது. கையில் ஒரு வேலை கொடுத்தால் தங்கும். கீரை ஆயும்போது அருகே உட்காரவைத்து, இலையின் பின்புறம் இருக்கும் புழுவைக் காட்டி, அதை இலையோடு கொண்டுபோய்ச் செடியில் விடச் சொல்லுங்கள். யசோதர காவியத்தையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியை வெட்டிய மன்னன், அக்கொலை எண்ணத்தின் பயனாகத் தாயோடு மயிலும் நாயுமாய், மீனும் முதலையுமாய், ஆடாய்க் கோழியாய்ப் பிறந்து உழன்ற வரலாறு அது. விலங்கு வடிவில் செய்த பிறந்தநாள் கேக்கை வெட்டுவதைப் பற்றிக் குழந்தை தானே ஒரு கேள்வி கேட்கும். கேட்கும்வரை காத்திருங்கள்.

அடுக்களையில் நேரும் கொலை என்ற பேச்சு வந்துவிட்டதால் அதனையும் சிறிது பார்ப்போம். உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் என்னும் ஐந்தையும் இல்லறத்தாரின் கொலைக்களங்கள் என்றனர் முன்னோர். இன்று உரலும் அம்மியும் மிக்ஸியும் கிரைண்டரும் ஆயின, எண்ணிக்கை குறையவில்லை. வீட்டு வேலையில் தவிர்க்க முடியாமல் நேரும் இதனை ஆரம்ப ஹிம்சை என்பர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சை இதனினும் வேறு. முன்னதில் நமக்குரிய கடமை விழிப்பு. பின்னதில் முற்றும் விலகல்.

அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் கொட்டாதீர்கள். நிழலில் பரப்பினால் அவை நகர்ந்துபோக வழியுண்டு. மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்குவதைவிடப் பதினைந்து நாளுக்கு வாங்குவது அறம், செலவுக்கும் நல்லது. மாவை, ரவையைச் சலிக்காமல் பயன்படுத்தாதீர்கள். சோறு வடித்த கொதிகஞ்சியைத் தொட்டியில் அப்படியே ஊற்றாமல் ஆறவிட்டு ஊற்றுங்கள். குழாயினுள் வாழும் உயிர்கள் கண்ணுக்குத் தெரியாததால் இல்லையென்று ஆகிவிடா. இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைத்துவிட்டு, கரப்பான் வந்தபின் மருந்தடிப்பது சங்கல்ப ஹிம்சை. பாத்திரத்தை அன்றே கழுவிவிட்டால் அந்தப் பாவத்துக்கு வேலையே இல்லை. கிணற்று நீரை வடிகட்டிய துணியை அலசி, அந்நீரை மீண்டும் அக்கிணற்றிலேயே விடுவது நம் வழக்கம். லாரித் தண்ணீரில் அது இயலாது. ஆயினும் குழாயில் துணி கட்டுங்கள். இயந்திரம் வடிகட்டுகிறதே என்பார்கள். அது நம் உடல்நலத்துக்காக வடிகட்டுகிறது.

ஐந்து கொலைக்களங்களால் சேரும் வினைக்குக் கழுவாய் உண்டா? வீடு துறந்த அதிதியை வழிபட்டு உணவளித்தல் அவ்வினையைக் கழுவும் என்கிறார் சமந்தபத்திரர். ஆதிபகவனாகிய ரிஷபதேவர் நோன்பு முடித்து ஊர் ஊராக வந்தபோது மக்கள் பொன்னும் மணியும் யானையும் கொண்டுவந்து வைத்தனர். உணவளிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சனே கருப்பஞ்சாறு அளித்தான். அந்நாளே அட்சய திருதியை. அன்று நகைக்கடை வாயிலில் நம்மவரும் வரிசையில் நிற்பதைக் காணும்போது, யானை கொண்டுவந்து நிறுத்திய அம்மக்களின் நினைவே எனக்கு வருகிறது. கௌசாம்பியில் சிறைப்பட்ட சந்தனை மண்ணோட்டில் தனக்கு இட்டிருந்த வரகுச் சோற்றையே மகாவீர சுவாமிக்கு அளித்தாள். வேறு சமைக்க அவளிடம் ஒன்றுமில்லை. முனிவருக்கென்று தனியே சமைத்தது முனிவருக்கு ஆகாது என்பது நம் விதி. வீட்டார்க்குச் சமைத்ததே அவர் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஆதலின் திருவிழாச் சமையலன்று, செவ்வாய்க்கிழமைச் சமையலும் புதன்கிழமைச் சமையலுமே சோதனைக்குரியவை.

ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிக்கு முனிவர் நாள்தோறும் வருவாரா என்று கேட்பீர்கள். வருவது அரிது. ஆனால் கருணை தானத்துக்கு உரியவர் வராத நாளில்லை. அண்மையில் போரூரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்திலிருந்து நோயாளியை அழைத்து வரும் உறவினர், வெங்காயமும் பூண்டும் இல்லாத சோறு கிடைக்காமல், பொழுது சாயும்முன் எங்கே உண்பது என்று தெரியாமல், வாழைப்பழத்தோடு படுத்துவிடுகின்றனர். நாலு மணிக்கு ஒரு தூக்குப் பாத்திரத்தில் பருப்புச் சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் எடுத்துச் செல்ல அங்கிருந்து எவ்வளவு தொலைவு? ஆகாரம், ஔஷதம், ஞானம், அபயம் என்னும் நால்வகைத் தானத்தில் முதலிரண்டும் அந்த ஒரு தூக்கில் அடங்கும். இதனை ஒரு வீட்டார் மட்டும் செய்தால் களைத்துப்போவர். நான்கைந்து வீட்டார் கிழமை பிரித்துக்கொள்ளலாம்.

திருமலைக்கு அடுத்த முறை செல்லும்போது பாறையில் உள்ள இராசேந்திர சோழனின் 13 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைக் கேட்டுப் பாருங்கள். கங்கை வரை அவன் வென்ற நாடுகளை அடுக்கிச் சொல்வதனால் வரலாற்றறிஞர் அதனைப் பெரிதும் போற்றுவர். அந்த வெற்றிகளெல்லாம் முன்னுரை. இறுதியில், கல்லில் வெட்டியதற்கு உரிய செய்தி வருகிறது. மல்லியூர் வணிகன் நன்னப்பயன் என்பானின் மனைவி சாமுண்டப்பை, திருமலைக் குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்தாள்.